முக்காடிட்ட சொற்கள்

புதுச்சேரி துய்மா வீதியில் உள்ள வானதூதர்களின் அன்னை ஆலயத்தை ஊர்க்காரர்கள் கப்ஸ் கோயில் என்பார்கள். இப்போது நிற்கும் கட்டடம் 1855-ல் எழுந்தது. ‘கப்ஸ்’ என்பது அங்கே குடிகொண்ட புனிதரின் பெயர் அல்ல, கட்டிய கொத்தனாரின் பெயரும் அல்ல. ஒரு காலத்தில் அந்தத் திருப்பணியைக் கவனித்த கப்புச்சின் சபைத் துறவிகளின் பெயர் தமிழர் வாயில் தேய்ந்து நின்ற வடிவம் அது. கப்புச்சின் என்றால் முக்காடு போட்டவர். இத்தாலிய மொழியில் ‘கப்புச்சோ’ என்பது நீண்ட அங்கியோடு சேர்த்துத் தைக்கும் கூரான தலைமூடி. கொஞ்ச தூரத்தில் மிஷன் வீதியில் இன்னொரு ஆலயம், சம்பா கோயில். சம்பா நெல்லோடு சேர்த்து ஒரு கதை கட்ட யாருக்கும் அரை நிமிடம் போதும். ஆனால் அந்த ஆலயத்தை முதலில் கட்டிய சேசு சபையினர் கோவாவில் புனித பவுல் கல்லூரியை நடத்தியதால், இந்தியாவில் அவர்களைப் பவுலின் பாதிரிமார் என்றே மக்கள் அறிந்திருந்தார்கள். அந்தப் பவுலின் பெயர்தான் சம்பா ஆயிற்று. இரண்டு பெயர்களிலும் காது ஒரு பக்கம் இழுக்கிறது, வரலாறு இன்னொரு பக்கம் நிற்கிறது.

இன்று தமிழில் சொல்லாராய்ச்சி என்ற பெயரில் புழங்குவதில் பெரும்பகுதி காதின் இழுப்பை மட்டும் நம்பி நடக்கிறது. ஓர் ஆங்கிலச் சொல், அதைப் போலவே ஒலிக்கும் ஒரு தமிழ்ச் சொல், நடுவில் ஓர் அம்புக்குறி. அவ்வளவுதான், மூலம் கண்டுபிடித்தாயிற்று. இது தமிழுக்குப் பெருமை சேர்க்கிறது என்று நம்பிப் பகிர்கிறவர்களின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த வழி தவறு, தமிழுக்குக் கேடும் கூட. ஒரு சொல்லின் பிறப்பை அறிய வேண்டுமானால் அந்தச் சொல் குறித்த பொருளை, அதைச் செய்தவரை, உடுத்தியவரை, விற்றவரை, அது முதலில் எழுத்தில் ஏறிய ஆண்டைத் தேடிப் போக வேண்டும். தலைமூடி வைத்த அங்கி என்ற ஒரே ஒரு உடையை எடுத்துக்கொண்டால் போதும். அதற்கு ஐரோப்பாவில் வழங்கிய பெயர்கள் இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டுகின்றன.

ஏழாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரத்தில் ஆயராக இருந்த இசிதோர், 636-ல் இறந்தவர், சொற்களின் பிறப்பை விளக்கி ஒரு பெரிய களஞ்சியம் எழுதினார். இடைக்கால ஐரோப்பா பல நூற்றாண்டுகள் அதை வைத்துப் பாடம் படித்தது. அதில் ‘கசூலா’ என்ற முக்காட்டு அங்கிக்கு அவர் தரும் விளக்கம் அழகானது. லத்தீனில் ‘கசா’ என்றால் குடிசை, கசூலா என்றால் சின்னக் குடிசை. ஆளை முழுதாக மூடிக்கொள்வதால் அந்தப் பெயர் என்கிறார். முல்லைப்பாட்டில் யவனக் காவலரின் சட்டை ‘மெய்ப்பை’ என்று, உடம்பைப் போட்டு வைக்கும் பையாகப் பெயர் பெற்றிருப்பதைப் படித்தவர்களுக்கு இந்தக் கற்பனை சட்டென்று பிடிபடும். இசிதோர் அதோடு நிற்கவில்லை. அதே மூச்சில், ‘குகுல்லா’ என்ற இன்னொரு முக்காட்டு உடையும் ‘செல்லா’ என்ற சிற்றறையிலிருந்து வந்தது, அது சின்ன அறை போன்றது என்கிறார். ஒரே ஆசிரியர், ஒரே முறை, அடுத்தடுத்த வரி. முதல் விளக்கத்தை இன்றைய அகராதிகள் பெரும்பாலும் ஏற்கின்றன, இரண்டாவதைத் தள்ளிவிட்டன. காதுக்கு இரண்டும் ஒரே அளவு இனிக்கின்றன. பிறகு எதை வைத்துப் பிரித்தார்கள்? கசூலா என்ற சொல் குடிசை என்ற பொருளில் அங்கிக்கு முன்பே லத்தீன் நூல்களில் இருக்கிறது. ‘-உலா’ சேர்ந்து சிறுமைப் பொருள் தருவது அந்த மொழியின் வழக்கமான இலக்கணம். குகுல்லாவுக்கு அப்படி எந்தச் சான்றும் இல்லை. செல்லா குகுல்லா ஆவதற்கு லத்தீனில் எந்த ஒலி விதியும் இல்லை.

குகுல்லாவுக்கு மூத்த வடிவம் குகுல்லுஸ். அதன் கதை இசிதோருக்கு ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் இருக்கிறது. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா, பண்ணை அடிமைகளுக்குத் தோல் சட்டையும் முக்காட்டுப் போர்வையும் கொடுக்கச் சொல்கிறார். காற்றானாலும் மழையானாலும் குளிரானாலும் வெளியில் வேலை நிற்கக் கூடாது என்பதுதான் காரணம். அங்கதக் கவிஞர் ஜூவெனால் இதே முக்காட்டைச் சந்தோனர் என்ற கூட்டத்தோடு சேர்த்துச் சொல்கிறார். அவர்கள் கௌல் நாட்டின், அதாவது இன்றைய பிரான்ஸின், மேற்குப் பகுதியில் வாழ்ந்தவர்கள். பிரிட்டனில் ஹேட்ரியன் சுவரை ஒட்டிய ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் முக்காடிட்ட மூன்று தெய்வ உருவங்கள் ஒரே கல்லில் அருகருகே நிற்கின்றன. ஆஸ்திரியாவில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில் இவ்வகைத் தெய்வத்துக்குக் குகுல்லாத்துஸ் என்றே பெயர் பொறித்திருக்கிறது. கௌல், பிரிட்டன், ஆல்ப்ஸ் மலைப் பக்கம் என்று கெல்ட்டிய மக்கள் வாழ்ந்த நிலமெங்கும் உடையும் பெயரும் சேர்ந்தே கிடைக்கின்றன. இந்தத் தடத்தைப் பார்த்துத்தான் அறிஞர்கள் இது கெல்ட்டிய வழிச் சொல்லாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். இதே சொல்லுக்கு இன்னொரு பயன்பாடும் உண்டு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியல் தன் புத்தகத்தைப் பார்த்து, நீ சாம்பிராணிக்கோ மிளகுக்கோ குகுல்லுஸ் ஆகிவிடாதே என்ற பொருளில் பேசுகிறார். பழைய ஏட்டைக் கூம்பாகச் சுருட்டிக் கடைக்காரன் மடித்துத் தரும் பொட்டலத்துக்கும் அதே பெயர். முக்காடும் கூம்பு, பொட்டலமும் கூம்பு. ரோமாபுரிக் கடையில் அந்தப் பொட்டலத்துக்குள் இருந்த மிளகு சேர நாட்டுத் துறைகளிலிருந்து கப்பலேறிப் போனது. தமிழகத்துக்கும் இந்த முக்காட்டுக்கும் ஒரு தொடர்பு தேடுகிறவர்களுக்கு இதைவிட நேரான தொடர்பு வேண்டுமா? ஒலியை வளைக்காமலே அது கிடைக்கிறது.

அடுத்து கரகல்லா. 211 முதல் 217 வரை ரோமைத் தனியாக ஆண்ட பேரரசரை உலகம் இந்தப் பெயரால்தான் அறியும். 212-ல் பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் குடியுரிமை கொடுத்தவர் அவர். அவருக்குப் பிறந்தபோது இட்ட பெயர் பாசியானுஸ், அரியணைப் பெயர் மார்க்குஸ் அவுரேலியுஸ் அந்தோனீனுஸ். அவருடைய நாணயங்களில் எங்கும் கரகல்லா என்று இருக்காது. அது கௌல் நாட்டு முக்காட்டு அங்கியின் பெயர். அவர் அதை நீளமாக்கி எந்நேரமும் உடுத்தினார், படைவீரர்களையும் உடுத்தச் சொன்னார். அதனால் அங்கியின் பெயரே அவருக்குப் பட்டப்பெயர் ஆனது. இதைச் சொல்கிறவர் அதே காலத்தில் செனட் சபையில் இருந்த வரலாற்றாசிரியர் காசியுஸ் தியோ. அரசரை விட்டுவிட்டுச் சாமானியர் ஒருவரைப் பார்ப்போம். இங்கிலாந்தின் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் 1979, 1980 ஆண்டுகளில் நடந்த அகழாய்வில், சுலிஸ் என்ற தெய்வத்துக்கு எழுதிப் போட்ட சாபத் தகடுகள் நூற்றுக்கு மேல் கிடைத்தன. ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய தகட்டில் கீறி, சுருட்டி, நீரில் போடுவது வழக்கம். ஒன்றில் தொசிலியானுஸ் என்பவர் தன் முக்காட்டு அங்கியைத் திருடியவனைச் சபிக்கிறார். ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரனோ, யாராக இருந்தாலும் அங்கியைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வரை உறக்கமும் பிள்ளைப்பேறும் கிட்டக் கூடாது என்று வேண்டுகிறார். அவர் எழுதிய சொல் அதே கரகல்லா. ஒரு அங்கிக்காக இவ்வளவு பெரிய சாபமா என்று தோன்றலாம். 301-ல் பேரரசர் தியோக்ளீசியன் விதித்த விலைப்பட்டியலில் பிரிட்டனில் நெய்த ‘பிர்ருஸ்’ என்ற மற்றொரு முக்காட்டுப் போர்வைக்கு உச்ச விலை 6,000 தினாரியஸ். அதே பட்டியலில் பண்ணைக் கூலியாளின் ஒரு நாள் சம்பளம், சாப்பாடு போக, 25 தினாரியஸ். 240 நாள் கூலி. குளிர் நாட்டில் அப்படிப்பட்ட போர்வை ஒரு சொத்து. பிர்ருஸ் என்ற சொல் ஏன் இவ்வளவு தூரம் பயணம் செய்தது, ஏன் கிரேக்கத்தில் ‘பிர்ரோஸ்’ ஆகி அரபியில் ‘புர்னுஸ்’ என்று நுழைந்து இன்றும் வட ஆப்பிரிக்கக் கம்பளி அங்கியின் பெயராக வாழ்கிறது என்பதற்குக் காரணம் அதன் ஒலியில் இல்லை, அந்த விலையில் இருக்கிறது.

இதே கரகல்லா காதை மட்டும் நம்பினால் எங்கே கொண்டுபோய் விடும் என்றும் பார்த்துவிடலாம். ராஜஸ்தான், குஜராத் வறள்காடுகளில் வாழும் காரகல் என்ற காட்டுப் பூனையின் காதில் முக்காட்டு நுனி போலக் கறுப்பு முடிக்கற்றை நிற்கும். பெயரும் பொருந்துகிறது, தோற்றமும் பொருந்துகிறது. ஆனாலும் உறவே இல்லை. துருக்கிய மொழியில் ‘கரா’ என்றால் கறுப்பு, ‘குலக்’ என்றால் காது. கருங்காதுப் பூனை என்பதுதான் காரகல். இங்கே இன்னொரு ஆசையும் எழும். துருக்கியின் கரா, தமிழின் கரு, கார், கறுப்பு! ஆனால் ஒரு சொல் ஒத்துப்போவது உறவுக்குச் சான்று ஆகாது. பால், பல், புலி, பன்றி என்று தமிழில் வருபவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹுலி, ஹந்தி என்று வருகின்றன. பகரம் ஹகரமாவது அடுத்தடுத்த சொல்லில் ஒரே ஒழுங்காக நடக்கிறது. உறவு என்றால் இப்படிச் சொல்லுக்குச் சொல் தொடர வேண்டும். பாதிரியாரின் நீள அங்கிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கசாக்’ என்ற பெயரும் இப்படித்தான். கசூலாவின் தம்பி போல ஒலிக்கிறது. இரண்டும் ஆலயத்துக்குள்ளேயே புழங்கும் உடைகள் வேறு. ஆனால் அகராதிகள் அதைப் பிரெஞ்சு வழியாகப் பாரசீகத்தின் பக்கமோ துருக்கியின் பக்கமோதான் கொண்டுபோகின்றன.

கப்ஸ் கோயிலின் பெயருக்கு மூலமான, முக்காட்டுப் போர்வையைக் குறிக்கும் ‘கப்பா’ என்ற சொல்லில் இந்தப் பாடம் இன்னும் நெருங்கி வருகிறது. இசிதோர் இதற்கும் விளக்கம் சொன்னார். கிரேக்க எழுத்து ‘கப்பா’வைப் போல இரண்டு முனை இருப்பதால் இருக்கலாம், அல்லது தலைக்கு அணியாக இருப்பதால் இருக்கலாம் என்று. இரண்டாவதுக்கே அறிஞர்கள் இன்று சாய்கிறார்கள், தலைக்கு லத்தீனில் ‘கபுத்’. நான்காம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமப் படைவீரர், கடுங்குளிரில் ஆமியான் நகர வாசலில் நடுங்கி நின்ற பிச்சைக்காரருக்குத் தன் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார். மீதிப் போர்வை பின்னால் பிராங்க் அரசர்களின் புனிதப் பொருளாயிற்று. அதைச் சின்னப் போர்வை என்ற பொருளில் ‘கப்பெல்லா’ என்றார்கள். அதை வைத்திருந்த இடமும் கப்பெல்லா ஆனது, காத்த குருக்கள் கப்பெல்லானி ஆனார்கள். இன்று ஆங்கிலத்தில் சிற்றாலயத்தைச் ‘சாப்பல்’ என்பதும், படைப்பிரிவிலும் மருத்துவமனையிலும் பணியாற்றும் குருவைச் ‘சாப்ளின்’ என்பதும் அந்தப் பாதிப் போர்வையின் பிள்ளைகள். இதைக் கட்டுக்கதை என்று தள்ள முடியாதபடி 679-ம் ஆண்டின் அரச ஆவணம் ஒன்று, மார்ட்டினின் கப்பெல்லாவின் மீது சத்தியம் செய்யச் சொல்கிறது. அதே நேரம், மார்ட்டினின் வரலாற்றை ஏறத்தாழ 397-ல் எழுதிய சுல்பீசியுஸ் செவேருஸ் அந்தப் போர்வையைக் கப்பா என்று எங்குமே சொல்லவில்லை, ‘கிளாமிஸ்’ என்ற கிரேக்க வழிச் சொல்லையே பயன்படுத்துகிறார். துணி முதலில் வந்தது, அந்தப் பெயர் அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்குள் எங்கோ ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டது. ஆண்டு போட்ட ஏடுகள் இல்லாவிட்டால் இந்த இடைவெளி நம் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

1528-ல் போப்பின் ஒப்புதல் பெற்ற கப்புச்சின் சபை, பிரான்சிஸ்கன் துறவிகளிலிருந்து பிரிந்த கடுந்துறவுக் கிளை. அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது நீண்ட கூர்முக்காடு. 1642-ல் எஃப்ரேம் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி சென்னைக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அந்த நூற்றாண்டிலேயே அவருடைய சபையினர் புதுச்சேரியிலும் கால் ஊன்றினார்கள். முக்காடு, துறவி, ஆலயம் என்று ஒவ்வொரு கண்ணிக்கும் ஆளும் ஊரும் ஆண்டும் இருப்பதால்தான் கப்ஸ் என்ற மூன்றெழுத்தை நம்பி இவ்வளவு தூரம் பின்னோக்கி நடக்க முடிகிறது. கடைகளில் கப்புச்சினோ காபி வாங்குகிறவர்கள் மேலே நிற்கும் நுரைதான் முக்காடு என்று நினைக்கலாம். பெயர் வந்தது நிறத்திலிருந்து. பால் கலந்த காபி அந்தத் துறவிகளின் பழுப்பு அங்கியின் நிறத்தில் இருந்ததால் வியன்னாவில் அதைக் ‘கப்புசினர்’ என்றார்கள்.

நான் சொல்லும் இந்த வழிக்கு மறுப்புகள் உண்டு, அவை நியாயமானவையும்கூட. எல்லா மொழி ஆராய்ச்சியும் ஒலி ஒற்றுமையில்தானே தொடங்குகிறது என்று கேட்கலாம். உண்மை. 1816-ல் சென்னையில் எல்லிஸ் தென்னிந்திய மொழிகள் ஒரே குடும்பம் என்று காட்டியதும் ஒற்றுமையைக் கவனித்ததால்தான். ஆனால் அவர் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை வரிசை வரிசையாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் காட்டினார். 1856-ல் கால்டுவெல் இலக்கண அமைப்பையே ஒப்பிட்டார். பரோவும் எமெனோவும் 1961-ல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி, எந்த மொழியில் எந்த வடிவம் என்று ஒவ்வொன்றாகப் பதிந்தது. அவர்களுக்கு ஒலி ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது, அந்தச் சந்தேகத்தை அவர்கள் தீர்ப்பாக எழுதிவிடவில்லை. பழைய காலத்து எழுத்துச் சான்று அழிந்துபோன மொழிக்கு ஆவணம் கேட்பது அநீதி என்று இன்னொருவர் சொல்லலாம். அதனால்தான் ஆவணத்தோடு பொருளையும் பார்க்கச் சொல்கிறேன். கௌல் மொழியில் நூல்களே மிஞ்சவில்லை. ஆனாலும் சிற்பமும் அயலார் குறிப்பும் உடை வழங்கிய நிலமும் சேர்ந்து குகுல்லுஸுக்குச் சாட்சி சொல்லின. மக்கள் மகிழ்ச்சிக்காகப் பகிர்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்ற கேள்விக்குத்தான் நான் மிகவும் கவலையோடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழிலிருந்து உலகுக்குப் போன சொற்கள் உண்மையிலேயே இருக்கின்றன. சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரத்தை வில்லியம் டாம்பியர் 1697-ல் அச்சான தன் பயண நூலில் அதே பெயரோடு எழுதினார். சுருட்டு, மிளகுதண்ணி எல்லாம் எப்படிப் போயின என்று காட்ட முடியும். சான்றுள்ள இவற்றைச் சான்றில்லாத நூறு சொற்களோடு ஒரே பட்டியலில் அடைத்தால், பார்க்கிற வெளியார் நூற்றைக் கண்டு சிரித்துவிட்டு இவற்றையும் சேர்த்து ஒதுக்குகிறார்கள். தொல்காப்பியர் உரியியலில், சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் எளிதில் விளங்கிவிடாது என்று எச்சரித்தார். வேறு திசைகளிலிருந்து வந்து தமிழில் வழங்கும் சொற்களுக்குத் தனி வகை வகுத்து இடம் கொடுத்தவரும் அவரே. காரணத்தைத் தேடாதே என்று அவர் சொல்லவில்லை, அவசரப்படாதே என்கிறார். பள்ளி ஆசிரியர்களும் நாளிதழ்களும் முதலில் பின்பற்ற வேண்டிய இலக்கணம் இது.

நம் ஊரிலும் ஒரு முக்காட்டு உடை இருக்கிறது. காலிக் கோணிச் சாக்கின் அடிமூலைகளில் ஒன்றை உள்ளே தள்ளி மற்ற மூலைக்குள் பொருத்தினால் கூரான ஒரு குல்லாய் வரும். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் மீதிச் சாக்கு முதுகில் இறங்கும். மழையில் நாற்று நடுகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் போட்டுக்கொண்ட அதன் பெயர் பல ஊர்களில் கொங்காணி. கொலுமெல்லா தன் பண்ணைக்குக் கேட்ட அதே உடை, அதே வேலைக்காக. கொங்கணக் கரைச் சொல் என்று ஒருவர் சொல்வார், கொங்கு நாட்டுச் சொல் என்று மற்றவர் சொல்வார், தெலுங்கில் கம்பளிக்கு வழங்கும் ‘கொங்கடி’யை மூன்றாமவர் காட்டுவார். மூன்றும் காதுக்கு இனிக்கின்றன. இவற்றில் எதையும் தீர்ப்பாக எழுதும் முன்பு, எந்த ஊரில் அதை என்னவென்று அழைத்தார்கள், சாக்கு வருவதற்கு முன் எதில் செய்தார்கள், யார் செய்தார்கள், யார் போட்டார்கள் என்ற விவரங்கள் வேண்டும். நெகிழி மழைச்சட்டை வந்த பிறகு கொங்காணி போட்டவர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த மழைக்காலத்திலேயே கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயரை, சொன்ன ஒலிப்பு மாறாமல், ஊர்ப் பெயரும் தேதியும் போட்டு எழுதி வையுங்கள்.